ஒப்படைக்கத் தெரிந்த அன்பு

நோயுற்றோரைப் பேணும் தொழிலைக் கற்க வருவோர்க்குத் தொடக்கத்திலேயே இரண்டு அறிவுரைகள் வழங்கப்படுகின்றன. ‘நோயாளியிடம் அன்பாக இருங்கள்’ என்பது ஒன்று. ‘நோயாளியிடம் பற்று வைத்துவிடாதீர்கள்’ என்பது மற்றொன்று. குறிப்பேட்டில் இவ்விரண்டும் அடுத்தடுத்த வரிகளில் அமைதியாக இருக்கின்றன. படுக்கையின் அருகே சென்று நின்றதும் அவை ஒன்றோடொன்று மோதத் தொடங்குகின்றன. நாள்தோறும் உணவூட்டி, உடல் துடைத்து, இரவில் அழுதபோது கையைப் பற்றிக்கொண்டிருந்த ஒருவரிடம் அன்பு மட்டும் வைத்துப் பற்று வைக்காமல் இருப்பது எவ்வாறு?

இக்கேள்வி மருத்துவமனைச் சுவர்களுக்குள் மட்டும் எழுவதன்று. நவி மும்பையிலுள்ள நெருளை எடுத்துக்கொள்வோம். 1970-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சிட்கோ நிறுவனம் திட்டமிட்டு உருவாக்கிய பகுதிகளுள் இதுவும் ஒன்று. மாதுங்கா, செம்பூர், தாராவி ஆகிய இடங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல, தாணே கழியைக் கடந்து இங்கு வந்து குடியேறின. அக்குடும்பங்களின் பிள்ளைகள் படித்து வெளிநாடு சென்றனர். பெற்றோர் முதுமையடைந்து அடுக்குமாடி வீடுகளில் தங்கிவிட்டனர். அதே ஊரில் மருத்துவக் கல்லூரியும் செவிலியர் பயிற்சிக்கூடங்களும் உள்ளன. எளிய குடும்பங்களைச் சேர்ந்த இளைஞர்களும் இளம்பெண்களும் ‘ஜெனரல் டியூட்டி அசிஸ்டண்ட்’ போன்ற சில மாதப் பயிற்சிகளைப் பெற்று, நோயாளிகளையும் முதியோரையும் பேணும் பணிக்கு வருகின்றனர். பேணுபவரும் பேணப்படுபவரும் ஒரே ஊரில், ஒரே வீட்டுக்குள் சந்திக்கின்றனர். ஆகவே பற்றைப் பற்றிய இக்கேள்வி நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது.

மருத்துவத்தின் நான்கு பாதங்கள்

நம் முன்னோர் இதைச் சிந்திக்காமல் விடவில்லை. ‘மருந்து’ என்னும் அதிகாரத்தை நிறைவு செய்யும்போது திருவள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறார்: நோயுற்றவர், அதைத் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பேணுபவர். பேணுபவரை அவர் ‘உழைச்செல்வான்’ என்கிறார். உழை என்பதற்குப் பக்கம் என்று பொருள். நோயாளியின் பக்கத்தில் இருந்து பணிசெய்பவர் என்பது கருத்து. மருத்துவருக்கும் மருந்துக்கும் இணையாக அவரும் ஓர் அங்கமாக எண்ணப்படுகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

சரக சம்ஹிதை இன்னும் விரிவாகப் பேசுகிறது. அதன் சூத்திர ஸ்தானத்தின் ஒன்பதாம் அத்தியாயம் மருத்துவத்துக்கு நான்கு பாதங்கள் உண்டு என்று கூறி, ஒவ்வொன்றுக்கும் நான்கு இலக்கணங்களை வகுக்கிறது. மருத்துவருக்கு வேண்டியவை தெளிந்த நூலறிவு, பலகாலும் கண்டறிந்த அனுபவம், திறமை, தூய்மை. பேணுபவராகிய உபசாரகருக்கு வேண்டியவை பணிவிடை செய்யும் முறையறிவு, திறமை, நோயாளியிடம் அனுராகம், தூய்மை. திறமையும் தூய்மையும் இருவருக்கும் பொது. அனுராகம் என்ற சொல்லோ உபசாரகரின் பட்டியலில் மட்டுமே வருகிறது. மருத்துவருக்கும் கருணை வேண்டும் என்று அதே அத்தியாயம் பின்னர் கூறத்தான் செய்கிறது. ஆயினும் அனுராகத்தை உபசாரகரின் தகுதிகளுள் ஒன்றாகவே சரகர் வைத்துவிட்டார். கை சுத்தமாக இருக்கவேண்டும் என்பது எப்படிக் கட்டாயமோ, நெஞ்சு நோயாளியை நாடவேண்டும் என்பதும் அப்படியே கட்டாயம்.

எனவே ‘பற்று வைக்காதே’ என்ற அறிவுரைக்கு ‘நெஞ்சை மூடிக்கொள்’ என்று பொருள் கொள்ள முடியாது. அவ்வாறு பொருள்கொண்டால் என்ன விளையும் என்பதை இருபதாம் நூற்றாண்டு நன்றாகவே காட்டியிருக்கிறது.

பற்றின்மையின் போலி

குழந்தைகள் வார்டுகளில் பெற்றோர் வந்து பார்ப்பதற்குக் கடுமையான கட்டுப்பாடுகள் இங்கிலாந்தில் நெடுங்காலம் இருந்தன. பெற்றோர் வந்து சென்றால் குழந்தை அழுகிறது, வராவிட்டால் அமைதியாக இருக்கிறது என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். மனநல மருத்துவர் ஜான் பௌல்பியுடன் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன் அந்த அமைதியை உற்று நோக்கினார். எட்டு நாள்கள் மருத்துவமனையில் தங்கிய இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியைப் படம்பிடித்து, 1952-இல் வெளியிட்டார். தாயைப் பிரிந்த குழந்தை முதலில் எதிர்த்து அழுகிறது. பிறகு நம்பிக்கை இழந்து சோர்கிறது. இறுதியில் ஒட்டுதலே இல்லாமல் அடங்கிவிடுகிறது. ‘குழந்தை பழகிவிட்டது’ என்று எல்லோரும் மகிழ்ந்த மூன்றாம் நிலைதான் மூன்றிலும் ஆழமான காயம் என்பதை ராபர்ட்சனும் பௌல்பியும் எடுத்துக்காட்டினர். 1959-இல் வெளிவந்த பிளாட் குழுவின் அறிக்கை, பெற்றோரைத் தடையின்றி அனுமதிக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது.

குழந்தையின் கதை இது. செவிலியரின் கதையும் அதே காலத்தில் ஆராயப்பட்டது. இசபெல் மென்சீஸ் என்னும் ஆய்வாளர் லண்டனின் ஒரு பெரிய போதனை மருத்துவமனையை ஆராய்ந்து எழுதினார். அங்கே ஒரு நோயாளியை ஒரு செவிலியர் முழுமையாகக் கவனிப்பதில்லை. வேலை துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒருவர் எல்லோருக்கும் வெப்பநிலை பார்ப்பார். மற்றொருவர் எல்லோருடைய படுக்கையையும் சரிசெய்வார். நோயாளிகளைப் பெயரால் அன்றிப் படுக்கை எண்ணாலும் நோயுற்ற உறுப்பாலும் குறிப்பிடும் வழக்கமும் இருந்தது. துன்பத்தின் அருகே நிற்கும் அச்சத்திலிருந்து செவிலியரைக் காப்பாற்ற எழுந்த ஏற்பாடு இது என்கிறார் மென்சீஸ். அது அவர்களைக் காப்பாற்றவில்லை. பயிற்சிக்கு வந்த மாணவியரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் பயிற்சியை முடிக்காமலேயே சென்றுவிட்டனர்.

பெயரைச் சொல்லாமல் எண்ணைச் சொல்வது வைராக்கியம் அன்று; அது அச்சம் அணிந்துகொண்ட வேடம். கீதை கற்பிக்கும் பற்றின்மை செயலின் பலனைக் குறித்தது. செயலில் இருக்கவேண்டிய சிரத்தையை அது ஒருபோதும் குறைப்பதில்லை. மரத்துப்போன மனத்தைப் பற்றற்ற மனமாகக் கருதுவது, உறக்கத்தைச் சமாதி என்று கருதுவதற்கு ஒப்பாகும்.

மானும் மன்னரும்

அப்படியானால் பற்றினால் தீங்கே இல்லையா? உண்டு என்பதற்குப் பாகவதத்தில் வரும் பரதரின் வரலாறு சான்று. ரிஷபதேவரின் புதல்வரான அவர் அரசாட்சியைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு, கண்டகி நதிக்கரையில் தவம் செய்துவந்தார். ஒருநாள் கருவுற்ற மான் ஒன்று நீர் அருந்த வந்தது. சிங்கத்தின் கர்ஜனை கேட்டு மிரண்டு அது நதியைத் தாண்டிப் பாய்ந்தபோது குட்டி நழுவி நீரில் விழுந்தது. தாய் மான் உயிர் நீத்தது. வெள்ளத்தில் மிதந்துவந்த குட்டியைப் பரதர் எடுத்து வளர்த்தார். புல் கொடுத்தார், ஓநாயிடமிருந்து காத்தார், சற்றே கண்ணில் படாவிட்டாலும் கலங்கினார். நியமங்கள் ஒவ்வொன்றாகக் கைநழுவின. உயிர் பிரியும் வேளையில் அவர் நெஞ்சில் மான்குட்டியே நின்றது; மறுபிறவியில் அவர் மானாகப் பிறந்தார்.

இக்கதையைக் கேட்டு, ‘குட்டியை அவர் எடுத்திருக்கவே கூடாது’ என்று சிலர் முடிவு செய்துவிடுகின்றனர். கதை அவ்வாறு சொல்லவில்லை. அடைக்கலமானதைக் கைவிடுவது குற்றம் என்று பரதர் எண்ணினார்; அந்த எண்ணத்தில் பிழை ஏதும் இல்லை. அதனோடு சேர்ந்து வந்த மற்றோர் எண்ணத்தில்தான் முடிச்சு இருக்கிறது. ‘இதற்குத் தாயும் தந்தையும் சுற்றமும் நானே, என்னையன்றி இது வேறொருவரையும் அறியாது’ என்று அவர் நினைத்தார். மான்குட்டிக்குப் பரதர் தேவைப்பட்டதில் தொடங்கியது, பரதருக்கு மான்குட்டி தேவைப்படுவதில் முடிந்தது. இடையில் எந்த நாளில் அந்த மாற்றம் நேர்ந்தது என்பது அவருக்கே தெரியவில்லை. ஒரு பேரரசையே பிறர் கையில் ஒப்படைக்க முடிந்தவருக்கு, ஒரு மான்குட்டியை ஒப்படைக்க முடியவில்லை.

கதையின் மூன்றாம் பகுதியையும் மறக்கலாகாது. அடுத்த பிறவியில் அவர் ஜடபரதராகப் பிறந்தார். மன்னன் ரகூகணனின் பல்லக்கைச் சுமக்க நேர்ந்தபோது, காலடியில் சிற்றுயிர்கள் நசுங்கிவிடாதபடி வழியைப் பார்த்துப் பார்த்து நடந்தார். பல்லக்குக் குலுங்கியது; மன்னன் சினந்தான். மானிடம் வைத்த பற்று நீங்கிவிட்டது. உயிரினிடம் கொண்ட இரக்கமோ நீங்கவில்லை. ‘என்னுடையது’ என்ற வேலி விழுந்ததும் அது எல்லா உயிர்களுக்குமாகப் பரந்தது. பற்றற்ற அன்பு என்றால் குறைந்த அன்பு என்று எண்ணுவோர்க்கு இதுவே விடை.

பெயர் அறியாத தாய்

இந்த அளவுகோலைக் கையில் கொண்டு மும்பையைச் சற்றுச் சுற்றிப் பார்ப்போம். தாராவியை ஒட்டியிருக்கும் சயான் மருத்துவமனையில், டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸின் முயற்சியால் 1989-இல் தாய்ப்பால் வங்கி ஒன்று தொடங்கப்பட்டது. ஆசியாவிலேயே முதலாவது என்று அறியப்படும் வங்கி அது. பால் மிகுதியாகச் சுரக்கும் தாய்மார் அதைத் தருகின்றனர். அது பரிசோதிக்கப்பட்டு, பதப்படுத்தப்பட்டு, உறைநிலையில் வைக்கப்பட்டு, தாயின் பால் கிட்டாத குறைமாதக் குழந்தைகளுக்கு ஊட்டப்படுகிறது. கொடுத்தவளுக்குக் குழந்தையைத் தெரியாது. குடித்த குழந்தைக்கு அவளைத் தெரியாது. தாய்ப்பாலைவிட நெருக்கமானது உலகில் வேறென்ன உண்டு? அதுவும் கைமாறிச் செல்ல முடியும் என்றால், அன்பும் கைமாறிச் செல்ல முடியும்.

குறைமாதக் குழந்தையை வெற்று மார்போடு அணைத்து வைத்திருக்கும் ‘கங்காரு’ முறையும் இதையே கூறுகிறது. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வொன்றில், பிறந்த உடனேயே இவ்வாறு அணைக்கத் தொடங்கிய குழந்தைகளிடையே இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 2022-இல் உலக சுகாதார நிறுவனமும் இம்முறையை வலியுறுத்தியது. அந்த ஆய்வில் தாயால் இயலாத நேரங்களில் பாட்டியோ வேறொரு நெருங்கியவரோ குழந்தையை அணைத்துக்கொண்டனர். குழந்தைக்கு அணைப்பு இன்றியமையாதது. அணைக்கும் கை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறலாம்; அணைப்பு அறுபடக் கூடாது.

நான்காம் எண் வார்டு

பரேலில் உள்ள கே.இ.எம். மருத்துவமனையின் செவிலியர் இதைத் தம் வாழ்க்கையாகவே செய்துகாட்டினர். அங்கே பணியாற்றிய இளம் செவிலியர் அருணா ஷான்பாக், 1973-ஆம் ஆண்டு நவம்பர் 27-ஆம் நாள் பணியிடத்திலேயே ஊழியன் ஒருவனின் கொடூரத் தாக்குதலுக்கு உள்ளானார். மூளைக்குப் பிராணவாயு தடைப்பட்டதால் அவர் மீண்டும் எழவே இல்லை. 2015-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள் மறையும் வரை, சுமார் 42 ஆண்டுகள், அம்மருத்துவமனையின் நான்காம் எண் வார்டில் சக செவிலியரால் பேணப்பட்டார். மாநகராட்சி அவரை அங்கிருந்து அகற்ற முயன்றபோது செவிலியர் போராடித் தடுத்தனர். அத்தனை ஆண்டுகளிலும் படுக்கைப்புண் வராமல் காத்தனர்.

எண்ணிப் பாருங்கள்: 1973-இல் அவரோடு பணிபுரிந்தவர்கள் ஓய்வு பெற்றனர். அடுத்த தலைமுறையினர் வந்தனர். அவர்களும் ஓய்வு பெற்றனர். தாக்குதல் நடந்தபோது பிறந்தே இராத பெண்கள் பயிற்சி முடித்து அவ்வார்டுக்கு வந்து, அவருக்கு உணவூட்டினர், பக்கம் மாற்றிப் படுக்க வைத்தனர். அவர் நன்றி கூறவில்லை; யாருடைய பெயரையும் சொல்லி அழைக்கவில்லை. தனியொருவரின் பற்று மட்டும் இதற்கு அடிப்படையாக இருந்திருந்தால், அவர் ஓய்வு பெற்ற நாளோடு அது முடிந்திருக்கும். பணிநேரம் மாறும்போதெல்லாம் ஒருவர் மற்றொருவரிடம் ஒப்படைத்துச் சென்ற அன்பாக இருந்ததால்தான் அது 42 ஆண்டுகள் நிலைத்தது.

இங்கே ஒரு மறுப்பும் எழுகிறது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அருணாவின் துயரை நீட்டிக்கவேண்டாம், உணவூட்டலை நிறுத்தி அவரைப் போகவிடுங்கள் என்று எழுத்தாளர் பிங்கி விராணி உச்ச நீதிமன்றத்தை நாடினார். அதுவும் அன்பின் குரலே. செவிலியர் அதை மறுத்தது, விட்டுப் பிரிய மனமில்லாத பற்றுதானே என்று கேட்போர் உண்டு. 2011-ஆம் ஆண்டு மார்ச் 7-ஆம் நாள் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாள்தோறும் அவரைப் பேணிய கே.இ.எம். ஊழியர்களே அவர் சார்பில் பேசும் உரிமை பெற்றவர்கள் என்று கூறி, வழக்கைத் தள்ளுபடி செய்தது. அதே தீர்ப்பில், தக்க நிலையில் உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்தலாம் என்றும், அம்முடிவை நெருங்கியவர்கள் மட்டுமே எடுத்துவிடக் கூடாது, மருத்துவர் குழுவின் கருத்தைக் கேட்டு உயர் நீதிமன்றம் ஒப்பவேண்டும் என்றும் விதித்தது. பின்னர் 2018-லும் 2023-லும் இந்நெறிமுறைகள் விரிவாக்கப்பட்டு எளிமையாக்கப்பட்டன. ஆயினும் அடிப்படை ஒன்றே: எத்தனை தூய அன்பாயினும், தான் மட்டுமே முடிவு செய்யவேண்டும் என்று அது பிடிவாதம் பிடிக்கலாகாது. தன் தீர்மானத்தையும் பிறர் முன் வைத்து ஒப்படைக்கத் தெரிந்ததே முதிர்ந்த அன்பு.

வீட்டுக்கு வரும் உபசாரகர்

இனி நெருளின் வீடுகளுக்குத் திரும்புவோம். மும்பை மருத்துவமனைகளில் பணிப்பெண்ணை ‘மாவ்ஷி’ என்று அழைப்பார்கள். மராத்தியில் தாயின் சகோதரி என்று பொருள். ஆண் ஊழியர் ‘மாமா’ ஆகிறார்; செவிலியரோ எல்லோருக்கும் ‘சிஸ்டர்’. நோயில் கிடப்பவர் தன்னைச் சுற்றி ஒரு குடும்பத்தையே எழுப்பிக்கொள்கிறார் என்பதை இந்த அழைப்புகள் காட்டுகின்றன. மறதி நோயுற்ற தமிழ் முதியவர் பலருக்கு, பிற்காலத்தில் கற்ற இந்தியும் மராத்தியும் மெல்ல உதிர்ந்து தாய்மொழி மட்டும் எஞ்சுகிறது. தமிழ் அறியாத உதவியாளர், ‘வலி’, ‘தண்ணீர்’, ‘போதும்’ என்று சில சொற்களைக் கற்றுக்கொள்கிறார். ஒருநாள் அம்முதியவர் அவரைப் பார்த்து ‘அம்மா’ என்கிறார். அச்சொல்லைக் கேட்டு நெஞ்சு இளகாதவர் இப்பணிக்குத் தகுதியற்றவர். அச்சொல்லை உரிமைப் பத்திரமாக எடுத்துக்கொள்பவரோ பரதரின் பாதையில் கால் வைத்தவர்.

அமெரிக்கச் செவிலியர் ஹில்டகார்ட் பெப்லாவ் 1952-இல் எழுதிய நூலில், செவிலியர்க்கும் நோயாளிக்கும் இடையிலான உறவு பல கட்டங்களாக வளர்வதை விளக்கி, நோயாளி தன் காலில் நின்று உறவிலிருந்து விடுபடுவதையே அதன் நிறைவுக் கட்டமாக வைத்தார். பிரிவு உறவின் தோல்வி அன்று. முதல் நாளிலிருந்தே நோக்கப்பட்ட பயன். பயிற்சி பெறும் மாணவியர் நாள்தோறும் செய்யும் எளிய செயலான பணிநேர ஒப்படைப்பில் இத்தத்துவம் முழுதும் அடங்கியிருக்கிறது. இரவுப் பணியாளரிடம் என்ன சொல்கிறோம்? எத்தனை மணிக்குப் பக்கம் மாற்றினோம், எவ்வளவு உண்டார், சிறுநீர் எவ்வளவு போயிற்று என்று சொல்கிறோம். அதனோடு, ‘விளக்கை முழுவதும் அணைத்தால் பாட்டிக்குப் பயம், மகள் பெயரைச் சொன்னால் மாத்திரையை விழுங்கிவிடுவார்’ என்பதையும் சொல்கிறோமா? அன்பு கண்டுபிடித்ததைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்வது பற்று. ‘என் கையால் மட்டும்தான் சாப்பிடுவார்’ என்று பெருமைப்படுபவர், தான் விடுப்பில் சென்ற நாளில் அந்த நோயாளி பட்டினி கிடப்பதற்கு வழி செய்தவர் ஆகிறார்.

இதில் வீட்டாரின் கடமையும் உண்டு. ‘நீ எங்கள் வீட்டுப் பெண் மாதிரி’ என்று உதவியாளரிடம் அன்பொழுகக் கூறிவிட்டு, வார விடுமுறையையும் உரிய ஊதியத்தையும் மறுப்பவர்கள் இருக்கின்றனர். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிநேரம் பிறர் வீட்டு முதியவரைப் பேணும் அப்பெண்ணுக்கும் தன் வீட்டில் ஒரு குழந்தையோ நோயுற்ற தாயோ இருக்கலாம். அவளுடைய பாசத்தைச் சங்கிலியாக்கி அவளையே கட்டுவது அறமாகாது. உண்மையிலேயே வீட்டுப் பெண் என்று எண்ணினால், அவள் தன் வீட்டுக்குப் போகும் நேரத்தையும் நாம்தான் நினைவூட்டவேண்டும். உபசாரகரிடம் அனுராகத்தை எதிர்பார்ப்பவர்கள் அவரிடம் நீதியோடு நடக்கக் கடமைப்பட்டவர்கள்.

தன்னைத் தானே கேட்க வேண்டியவை

பேணும் பணியில் இருப்போர், அது தொழிலாயினும் குடும்பக் கடமையாயினும், இரவு உறங்கப்போகுமுன் மூன்று கேள்விகளைத் தம்மிடமே கேட்டுக்கொள்ளலாம். இன்று நான் பேணியவரை எண்ணாகக் கண்டேனா, பெயர் உள்ளவராகக் கண்டேனா? அவரைப் பற்றி நான் அறிந்ததை அடுத்துப் பேணுபவருக்கு முழுமையாகச் சொன்னேனா? நாளை நான் தேவைப்படாமல் போனால் மகிழ்வேனா, வருந்துவேனா? முதல் கேள்வி நம்மைக் கல்லாகிவிடாமல் காக்கும். இரண்டாவது, அன்பை அறிவாக்கிப் பிறருக்குப் பயன்படச் செய்யும். மூன்றாவது கேள்விக்கு உடனே விடை வராமல் போகலாம். சிறிது வருத்தமும் இருக்கத்தான் செய்யும். மனிதர் என்றால் இருக்கவேண்டியதும்கூட. அந்த வருத்தத்தோடேயே கையை விடுவித்து, அடுத்த கையில் வைக்க முடிந்தால் போதும்.

அன்பு வேண்டும், பற்று வேண்டாம் என்னும் இரு அறிவுரைகளும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. முழு மனத்தோடு பேணுங்கள் என்கிறது ஒன்று. உங்களோடு அது நின்றுவிடவேண்டாம் என்கிறது மற்றொன்று. பேணப்படுபவர் நமக்குச் சொந்தமானவர் அல்லர்; சிறிது காலம் நம் கையில் அளிக்கப்பட்டவர். நம் குழந்தைகளும் பெற்றோரும்கூட அவ்வாறே. பெற்றுக்கொண்டபோது இருந்ததைவிடச் சற்று நலமாக, சற்று அச்சம் குறைந்தவராக அவரை அடுத்தவரிடம் ஒப்படைக்க முடிந்தால், உபசாரகரின் அனுராகம் தன் பணியைச் செய்து முடித்தது என்று கொள்ளலாம்.